எஞ்சிய மதிப்பெண்கள்

பொறியியல் பயில விரும்பும் மாணவர்களுக்காகத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, ஆண்டுக்கு இரு சுற்றுகளாக நடைபெறுகிறது. முதற்சுற்று ஜனவரியிலும் இரண்டாம் சுற்று ஏப்ரலிலும் அமைவது வழக்கம். இரு சுற்றுகளையும் எழுதியவருக்கு எதில் உயர்ந்த மதிப்பு கிடைத்ததோ அதுவே தரவரிசைக்குக் கொள்ளப்படும். ஆகவே ஜனவரியில் குறைவாகப் பெற்றவர் மட்டுமல்லர், நன்றாக எழுதியவரும் ஏப்ரலில் மீண்டும் தேர்வுக்கூடம் செல்கின்றனர்.

குறைவாகப் பெற்றவரின் வழி எளிது. படிக்காத பாடங்களைப் படித்தால் மதிப்பெண் உயரும். நன்றாக எழுதியவரின் நிலை அத்தகையதன்று. அவர் பாடங்களில் பெரும்பகுதியை முன்பே கற்றுவிட்டார். "இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படி" என்று வீட்டார் கூறும் அறிவுரை அவருக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஏற்கெனவே தெரிந்த அத்தியாயத்தை மூன்றாம் முறை வாசிப்பது மனத்துக்கு நிறைவு தரலாம். மதிப்பெண்ணை அது அரிதாகவே உயர்த்துகிறது. அவருக்கு எஞ்சியிருக்கும் மதிப்பெண்கள் புதிய பாடங்களில் இருப்பதைவிட, தெரிந்தும் இழந்த வினாக்களிலேயே மிகுதியாக உள்ளன.

நூற்றுமானம் என்பது யாது?

இத்தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்று பாடங்களிலும் பாடத்துக்கு 25 என 75 வினாக்கள் கேட்கப்படுகின்றன. அவற்றுள் பாடத்துக்கு 20 வினாக்கள் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. எஞ்சிய ஐந்தும் எண்ணாக விடை எழுத வேண்டியவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். மொத்தம் 300 மதிப்பெண். காலம் மூன்று மணி நேரம்.

எனினும் முடிவாக வெளியிடப்படுவது 300-க்கு இத்தனை என்னும் கணக்கு அன்று. ஒரு சுற்றில் பல நாள்களிலும், நாளொன்றுக்குக் காலை, பிற்பகல் என இரு வேளைகளிலும் வெவ்வேறு வினாத்தாள்கள் வழங்கப்படுகின்றன. ஒரு தாள் கடினமாகவும் மற்றொன்று எளிதாகவும் அமையக்கூடும் என்பதால், தம்முடன் அதே வேளையில் எழுதியவர்களுள் நூற்றுக்கு எத்தனை பேர் தமக்கு இணையாகவோ கீழாகவோ உள்ளனர் என்பதே ஒருவரின் மதிப்பாகிறது. மாணவர் 'பர்சென்டைல்' என்று வழங்கும் இதனைத் தமிழில் நூற்றுமானம் என்பர். ஜனவரியில் 170 மதிப்பெண்ணும் ஏப்ரலில் 180 மதிப்பெண்ணும் பெற்ற ஒருவர் முன்னேறிவிட்டார் என்று அவ்வெண்களை மட்டும் கொண்டு சொல்ல இயலாது. ஏப்ரல் தாள் எளிதாக இருந்திருந்தால் அவருடைய நூற்றுமானம் குறைந்தும் இருக்கலாம்.

உயர்ந்த இடத்தில் நிற்பவருக்கு ஒரு சிறு ஏற்றம் ஏன் பெரிதாகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். தேர்வு எழுதியவர் பத்து இலட்சம் பேர் என்று கொண்டால், 98 நூற்றுமானம் பெற்றவருக்கு முன்னால் ஏறத்தாழ 20,000 பேர் உள்ளனர். 99 பெற்றவருக்கு முன்னால் 10,000 பேர், 99.5 பெற்றவருக்கு முன்னால் 5,000 பேர். 50-இலிருந்து 51-க்கு உயர்பவரும் பத்தாயிரம் பேரைத்தான் கடக்கிறார். ஆனால் ஐந்து இலட்சமாவது இடம் 4,90,000 ஆவதால் அவருக்குப் புதிதாக எந்தக் கல்லூரியின் கதவும் திறப்பதில்லை. 98-இலிருந்து 99-க்கு உயர்பவரின் தரவரிசையோ பாதியாகிவிடுகிறது. அந்தப் பாதியைத் தீர்மானிப்பவை ஒரு சில வினாக்களே.

இழந்தவை எங்கே?

அந்தச் சில வினாக்களைக் கண்டறியும் கருவியைத் தேர்வு முகமையே அளிக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னரும் வினாத்தாளும், மாணவர் குறித்த விடைகளின் பதிவும், தற்காலிக விடைக்குறிப்பும் இணையத்தில் வெளியாகின்றன. விடைக்குறிப்பில் பிழை இருப்பதாகக் கருதுபவர் உரிய கட்டணம் செலுத்தி மறுப்புத் தெரிவிக்கலாம். பெரும்பாலோர் இந்தப் பதிவைத் திறந்து, மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகின்றனர். அதனை ஒரு முழுநாள் செலவிட்டு ஆராய்ந்தால், பயிற்சி நிலையத்தில் ஒரு மாதம் கேட்ட பாடத்தைவிடக் கூடுதலாக அது கற்பிக்கும்.

புனேயில் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் தமிழ் மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜனவரியில் அவர் 60 வினாக்களுக்கு விடை அளித்தார். 46 சரி, 14 தவறு. எஞ்சிய 15 வினாக்களை விட்டுவிட்டார். 46 சரியான விடைகளுக்கு 184 மதிப்பெண். தவறுகளுக்காக 14 கழிய, அவர் பெற்றது 170. தவறிய பதினான்கையும் வீட்டில் அமர்ந்து மீண்டும் செய்து பார்த்தபோது அவை மூன்று வகையாகப் பிரிந்தன. ஐந்து வினாக்களில் முறை சரி, கைதான் தவறியது: ஓரிடத்தில் கழித்தல் குறி விடுபட்டது, ஓரிடத்தில் மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்ற மறந்தார், 'தவறான கூற்று எது' என்ற வினாவில் சரியான கூற்றைக் குறித்துவிட்டார். வேறு ஐந்து வினாக்களில் கருத்தே தெளிவாக இல்லை. மற்ற நான்கும் வெறும் ஊகங்கள். விட்டுவிட்ட பதினைந்திலும் ஆறு வினாக்கள் அவருக்கு நன்கு தெரிந்தவை. நேரம் போதாமையால் அவற்றைப் படித்துப் பார்க்கவும் இல்லை.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். கைதவறிய ஒரு வினாவைச் சரிசெய்தால் கிடைப்பது நான்கு மதிப்பெண் அன்று, ஐந்து. கழிந்த ஒன்றும் திரும்பி வருகிறது. ஐந்து வினாக்களுக்கு 25. எட்டாமற்போன ஆறு வினாக்களுக்கு 24. ஆக 49 மதிப்பெண்கள், ஒரு புதிய அத்தியாயமும் படிக்காமலேயே அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. அனைத்தையும் எவராலும் மீட்க இயலாது. பாதியை மீட்டாலும் 170 என்பது 194-ஐத் தொடும்.

கருத்துத் தெளிவின்றித் தவறிய ஐந்து வினாக்களே உண்மையில் அவர் படிக்க வேண்டியவை. அவையும் ஒரே அத்தியாயத்தில் குவிந்திருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஐந்தில் மூன்று மின்காந்தத் தூண்டலில் இருந்தால், அந்த ஓர் அத்தியாயத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குவது தகும். சிதறிக் கிடந்தால் அந்தந்த வினாவுக்குரிய கருத்தை மட்டும் திருத்திக்கொள்வதே போதும்.

ஊகத்தின் கணக்கு

'தெரியாத வினாவைத் தொடாதே' என்று சிலரும், 'எதையும் விடாதே' என்று சிலரும் மாணவருக்குக் கூறுவதுண்டு. இரண்டுமே முழு உண்மை அல்ல. நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கு முறைக்கு ஒருமுறை 4 கிடைக்கும். மூன்று முறை ஒவ்வொன்று கழியும். சராசரியாக நான்கு வினாவுக்கு ஒரு மதிப்பெண் ஆதாயம். பொருந்தாத ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டால் ஆதாயம் மேலும் கூடும். ஐந்து ஊகங்களில் ஒன்று பலித்தால் வரவும் செலவும் சமம். அதற்கும் குறைந்தால் இழப்பு.

குருட்டு ஊகமே இழப்புத் தராது எனில், நன்றாகப் படித்த மாணவர் ஊகத்தால் மதிப்பெண் இழப்பது எவ்வாறு? வினா அமைப்பவர் தவறான விடைகளைக் குருட்டாம்போக்கில் எழுதுவதில்லை. ஒரு கோளத்தின் விட்டத்தைக் கொடுத்துக் கன அளவைக் கேட்டால், விட்டத்தை ஆரம் என்று கொண்டவருக்குக் கிடைக்கும் எட்டு மடங்கு விடையும் நான்கனுள் ஒன்றாக அங்கே காத்திருக்கும். எதுவும் தெரியாதவர் அதைத் தேர்ந்தெடுக்க நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. அரைகுறையாகத் தெரிந்தவரோ நேராகச் சென்று அதிலேயே விழுவார். ஆகவே அரைத் தெளிவுடன் செய்யும் ஊகம் குருட்டு ஊகத்தைவிடக் கேடு விளைப்பதாக அமையக்கூடும். எண்ணாக விடை எழுதும் வினாக்களில் ஊகத்துக்கு இடமே இல்லை. அவற்றிலும் தவறினால் மதிப்பெண் கழியும்.

தம் ஊகம் எத்தகையது என்பதை ஒருவர் பொதுவிதியால் அறிய முடியாது. எண்ணித்தான் அறிய வேண்டும். மாதிரித் தேர்வு எழுதும்போது உறுதியின்றிக் குறித்த ஒவ்வொரு வினாவுக்கும் அருகே ஒரு புள்ளி வைத்தால் போதும். தவறிய ஊகங்களுடன் பலித்த ஊகங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். புனே மாணவியின் 46 சரியான விடைகளில் ஒன்று ஊகத்தால் வந்தது. ஐந்து ஊகங்கள், ஒன்று பலித்தது. வரவும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வினாக்களில் அவர் செலவிட்ட நேரத்தில், தொடாமல் விட்ட எளிய வினாக்களில் இரண்டையாவது செய்திருக்கலாம். இருவர் சமமான மதிப்புப் பெற்றால், பாடவாரியான மதிப்புகளுக்குப் பின் தவறான விடைகளின் விகிதம் குறைவாக உள்ளவரே முன்னிறுத்தப்படுகிறார் என்பதையும் இங்கே கருதலாம்.

பிழையேடு

கைதவறுதலைப் பலர் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அடுத்தமுறை கவனமாக இருப்பேன் என்ற உறுதி தேர்வுக்கூடத்தில் பத்து நிமிடம் நிற்பதில்லை. பிழைக்கு உருவம் உண்டு; அந்த உருவத்தைக் கண்டால்தான் அதைத் தடுக்க இயலும். ஒருவர் எப்போதும் குறியில் தவறுகிறார், மற்றொருவர் அலகில், வேறொருவர் வினாவின் கடைசி வரியைப் படிப்பதில்லை. ஒரு தனி ஏட்டில் வினாவையும், செய்த பிழையையும், சரியான வழியையும் மூன்று வரிகளில் எழுதி வந்தால், பதினைந்து நாளில் அவரவர் பிழையின் உருவம் தெரிந்துவிடும். குறியில் தவறுபவர் ஒவ்வொரு வரியையும் எழுதியபின் குறியை மட்டும் ஒருமுறை பார்ப்பதும், அலகில் தவறுபவர் தொடக்கத்திலேயே எல்லா அளவுகளையும் ஒரே முறைக்கு மாற்றி எழுதிக்கொள்வதும் சிறிய பழக்கங்களே. எண் விடை வினாக்களில் இவை இன்றியமையாதவை. தேர்ந்தெடுக்கும் வினாவில் கணக்குத் தவறினால் விடை பட்டியலில் இல்லாமல் போய் எச்சரிக்கக்கூடும். எண் விடையில் எச்சரிப்பார் எவரும் இல்லை.

ஏட்டில் எழுதிய வினாவின் விடையை மீண்டும் வாசிப்பதால் மட்டும் பயன் விளையாது. சில நாள் கழித்து, விடையை மூடிவைத்து முதலிலிருந்து செய்து பார்த்தல் வேண்டும். அமெரிக்க உளவியலாளர்களான ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்குகிறது. ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் சிறந்து விளங்கினர். ஒரு வாரத்துக்குப் பின் வைத்த தேர்விலோ, திரும்பப் படிப்பதற்கு மாறாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். திரும்பப் படிப்பது எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற உணர்வை உடனே தருகிறது. அந்த உணர்வே ஏமாற்றுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, 180 நிமிடத்தை 75 வினாக்களுக்குப் பகிர்ந்தால் வினாவுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. ஒவ்வொன்றுக்கும் சமமாகப் பகிர்வது பயனற்றது. முதல் பார்வையில் விடை தெரிகிற வினாக்களை மூன்று பாடங்களிலும் முதலில் முடித்துவிட்டு, செய்ய முடியும் ஆனால் நேரம் கொள்ளும் என்பவற்றுக்கு இரண்டாம் முறை வருவது பலருக்கும் ஏற்ற வழி. பாடங்களுக்கிடையே விருப்பம்போல் மாறிச் செல்லத் தேர்வு இடம் தருகிறது. வேதியியலில் பல வினாக்கள் நீண்ட கணக்கு வேண்டாதவை என்பதால் அதனை முதலில் எடுப்போர் உண்டு. எவ்வரிசை ஆயினும் அது மாதிரித் தேர்வுகளில் பழகியதாக இருத்தல் வேண்டும். அத்தேர்வுகளையும் உண்மைத் தேர்வின் வேளைகளான காலை 9 முதல் 12 வரையோ, பிற்பகல் 3 முதல் 6 வரையோ எழுதுவது நல்லது. இரவு பதினொரு மணிக்கு எழுதிய மாதிரித் தேர்வு, பிற்பகல் மூன்று மணியின் மந்தத்தைக் காட்டாது. ஒரு மாதிரித் தேர்வில் ஏறியதற்கு மகிழ்வதும் அடுத்ததில் இறங்கியதற்கு வருந்துவதும் வீண். நான்கைந்து தேர்வுகளின் சராசரியே நிலையைக் காட்டும்.

எதற்காக உயர்த்துவது?

ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நிற்கிறது. மத்தியக் கல்வி வாரியத்தின் தேர்வுகள் பிப்ரவரி நடுவில் தொடங்குகின்றன. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் சேர, பொதுப் பிரிவு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். அல்லது தம் வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருள் ஒருவராக இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி மாணவர்க்கு இது 65 விழுக்காடு. நுழைவுத்தேர்வில் 99 பெற்றும் இதனைத் தவறவிட்டால் இடம் கிடையாது. ஆகவே உயர்த்தும் முயற்சிக்கு விலை உண்டு. அந்த விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை முன்பே அறிதல் நலம்.

இந்தியத் தொழில்நுட்பக் கழகமே இலக்கு எனில், முதன்மைத் தேர்வு ஒரு வாயிற்படி மட்டுமே. அதில் முன்னிற்கும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் 'அட்வான்ஸ்டு' தேர்வை எழுதத் தகுதி பெறுகின்றனர். 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்கான எல்லை 93 நூற்றுமானத்தைச் சற்றே கடந்திருந்தது. அக்கழகங்களின் தரவரிசையில் முதன்மைத் தேர்வின் மதிப்பு சேர்க்கப்படுவதில்லை. 98 பெற்றவர் அதை 99 ஆக்க இரண்டு மாதம் உழைப்பதைவிட, அடுத்த தேர்வின் கடினமான வினாக்களில் இறங்குவதே அறிவு.

தேசியத் தொழில்நுட்பக் கழகத்தை நாடுவோர் நிலை வேறு. அங்கே முதன்மைத் தேர்வின் தரவரிசையே இடத்தைத் தீர்மானிக்கிறது. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அறியாத ஒரு விதியும் அங்கே உண்டு. ஒவ்வொரு கழகத்திலும் பாதி இடங்கள் அது அமைந்துள்ள மாநிலத்தவருக்கு உரியவை. சொந்த மாநிலம் எது என்பதைத் தாய்மொழியோ தாத்தாவின் ஊரோ தீர்மானிப்பதில்லை. மாணவர் பன்னிரண்டாம் வகுப்பை எம்மாநிலத்தில் முடித்தாரோ அதுவே அவருடைய மாநிலம். புனே மாணவியின் பாட்டி வீடு திருச்சிராப்பள்ளியிலேயே இருந்தாலும், 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கும் அவ்வூர்க் கல்லூரியில் அவர் பிற மாநிலத்தவர். அவருக்குச் சொந்த மாநிலக் கழகம் நாக்பூரில் உள்ளது. ஒரே தரவரிசைக்கு ஓரிடத்தில் இடமுண்டு, மற்றோரிடத்தில் இல்லை. கலந்தாய்வை நடத்தும் ஜோசா அமைப்பு, ஒவ்வொரு கழகத்திலும் ஒவ்வொரு பிரிவிலும் சொந்த மாநிலம், பிற மாநிலம் என்ற பகுப்புடன் முதல், கடைசித் தரவரிசைகளை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அப்பட்டியலைப் பார்த்தபின்தான் 98 போதுமா, 99 வேண்டுமா என்ற வினாவுக்குப் பொருள் உண்டாகும். போதும் என்று தெரிந்தால் ஏப்ரலை அமைதியாக எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில்தான் படிக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு வேறொரு வழியும் திறந்திருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் கணித மதிப்பெண் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்குமாக 200-க்குக் கணக்கிடப்படும் 'கட் ஆஃப்' மதிப்பெண்ணே அங்குத் தரவரிசை ஆகிறது. வேறு மாநிலத்தில் பயின்றவராயினும், தமிழ்நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்டவர் பிறப்பிடச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். நுழைவுத்தேர்வின் ஒரு நூற்றுமானத்துக்காகப் பொதுத்தேர்வைக் கைவிட்டவருக்கு இவ்வழி தானே குறுகிவிடும். விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்குகிறது. சொந்த ஊரின் வருவாய்த்துறை வழங்கும் அச்சான்றிதழுக்குரிய ஆவணங்களைப் பெற்றோர் ஏப்ரலுக்கு முன்பே திரட்டத் தொடங்கினால், மாணவரின் படிப்பு நேரம் அதற்காகச் செலவாகாது.